பெயருக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு?

கேள்வி இது: "தலைவலி மாத்திரை, பேட்டரி, மூக்குக் கண்ணாடிச் சட்டம் என்று எதை எடுத்தாலும், பிரபலமான பெயர் ஒட்டியிருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. தரம் நிஜமாகவே கூடுதலா, இல்லை பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோமா? எல்லாம் ஒரே தொழிற்சாலையில்தான் தயாராகின்றன என்கிறார்களே, உண்மையா? எதைப் பெயர் பார்த்து வாங்கலாம், எதற்குத் தேவையில்லை?"

நான் பல வருடங்கள் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன். தயாரிப்பாளரோடு உட்கார்ந்து விலை பேசுவது, வந்த சரக்கைச் சோதித்து ஏற்றுக்கொள்வது அல்லது திருப்பி அனுப்புவது, இதுதான் பிழைப்பு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயருக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, நம்மால் சோதித்துப் பார்க்க முடியாததற்குக் கொடுக்கும் கூலி. பொருளைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு கூலி ஏறும். விஷயம் தெரிந்தவர்கள் அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை. வேறு சிலவற்றில் விலையே பொருள். அந்தக் கதை தனி, பின்னால் வருகிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் கொடுப்பதில்லை என்பதை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் மக்கள் உண்மையில் வாங்கிய பொருட்களின் கணக்கை எடுத்துக்கொண்டு, வாங்கியவர் என்ன தொழில் செய்கிறார் என்பதோடு ஒப்பிட்டார்கள். ஆய்வு 2015-இல் வெளிவந்தது. தலைவலி மாத்திரையில், கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான மாத்திரை ஒரு பக்கம், விளம்பரத்தில் வரும் பெரிய பெயர் இன்னொரு பக்கம். சராசரி வாடிக்கையாளர் 26 சதவீத முறை பெரிய பெயரை எடுத்தார். மருந்தாளுநர் எடுத்தது 9 சதவீத முறைதான். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்க்கிற ஆள், தன் தலைவலிக்குப் பெயரில்லாத மாத்திரையைத்தான் விழுங்குகிறார். சமையல் கலைஞர்களிடமும் இதே கதை. உப்பு, சர்க்கரை போன்ற சரக்குகளில், அவர்களைப் போலவே வருமானமும் குடும்பமும் உள்ள மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பெயர்களுக்கு ஒதுக்கியது 12 சதவீதப் புள்ளி குறைவு. சர்க்கரை என்றால் சர்க்கரைதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மருந்து விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அதிகம் இருப்பது அங்கேதான். காப்புரிமை முடிந்த பிறகு வேறு நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்து மூலப்பெயரில் (ஜெனரிக்) விற்கலாம். அனுமதி கிடைக்க வேண்டுமானால், அந்த மருந்து அசல் மருந்தைப் போலவே, அதே அளவில், அதே வேகத்தில் இரத்தத்தில் சேர்கிறது என்று காட்ட வேண்டும். இதற்கான விதியில் 80 முதல் 125 சதவீதம் என்று ஓர் எல்லை வரும். அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் மருந்து 20 சதவீதம் குறையலாமா?" என்று பலர் பதறுகிறார்கள். அந்த எல்லை சராசரிக்கு உரியதல்ல. புள்ளியியல் கணக்கில் நம்பக எல்லை என்று ஒன்று வரும், உண்மையான சராசரி எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று கணிக்கும் வரம்பு அது. அதன் இரண்டு முனைகளும் 80-க்கும் 125-க்கும் உள்ளே விழ வேண்டும் என்பதுதான் விதி. சராசரியில் அவ்வளவு விலகிப் போன மருந்து அந்தச் சோதனையில் தேறவே முடியாது. 1996 முதல் 2007 வரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேர்ந்த மொத்த மருந்தின் அளவில் அசலுக்கும் மூலப்பெயர் மருந்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம். அசல் மருந்திலேயே ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் சிறு வித்தியாசம் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தைராய்டு சுரப்புக்கான லெவோதைராக்சின், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் போன்றவற்றில் அளவு இம்மி பிசகினாலும் உடல் காட்டிவிடும். அவற்றில் எந்தத் தயாரிப்பில் நிலைபெற்றிருக்கிறீர்களோ அதிலேயே இருங்கள். மாற்றுவதென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அசல் பெயர் உசத்தி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததற்குத் தாவினாலும் இதே சிக்கல்தான். இன்னொன்று, மேலே சொன்ன நம்பிக்கை எல்லாம் கட்டுப்பாட்டு அமைப்பு உருப்படியாக வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும். நமக்குப் பதிலாக அவர்கள் சோதித்துவிட்டார்கள் என்பதால்தான் நாம் பெயருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. சோதிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு மாறிவிடும்.

பெயருக்கு மட்டும் எவ்வளவு என்பதைத் துல்லியமாகப் பார்க்க அரிதாகத்தான் வாய்ப்புக் கிடைக்கும். 2016-இல் அப்படி ஒன்று கிடைத்தது. கடும் ஒவ்வாமை வந்தால் தொடையில் குத்திக்கொள்ளும் எபிபென் என்ற ஊசி, அமெரிக்காவில் இரண்டு கொண்ட பெட்டி சுமார் 600 டாலர் வரை ஏறியிருந்தது. ஊரே கொதித்தது. அதை விற்ற மைலன் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அதே ஊசியை, எபிபென் என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டு, 300 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதே மருந்து, அதே கருவி, அதே நிறுவனம். பழைய பெட்டியும் கடையில் இருந்தது.

இதுவரை படித்தால் பெயர் என்பதே ஏமாற்று என்று தோன்றும். நான் அப்படி நினைப்பவன் இல்லை.

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பழைய காரின் வண்டவாளம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால், நல்லதாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டு நடுத்தர விலைதான் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் இருப்பவை மோசமானவை. அது தெரிந்ததும் வாங்குபவர் விலையை இன்னும் குறைப்பார், கொஞ்சம் நல்லதாக இருந்தவையும் போய்விடும். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் நிற்கும். 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சுழலிலிருந்து தப்பிக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றாக, உத்தரவாதத்தோடு வணிகப் பெயரையும் அவரே அந்தக் கட்டுரையில் சொல்கிறார்.

வணிகப் பெயர் எப்படித் தப்பிக்க வைக்கிறது? அது ஒரு பிணைத்தொகை மாதிரி. ஒரு நிறுவனம் பல பத்தாண்டுகள் செலவழித்து ஒரு பெயரை வளர்க்கிறது. அந்தப் பெயரால் ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் கூடுதல் காசு வருகிறது. மட்டமான சரக்கை ஒருமுறை தள்ளிவிட்டால் அன்றைக்கு லாபம்தான், ஆனால் விஷயம் வெளியே வந்தால் இனி வரவிருந்த கூடுதல் காசு எல்லாம் போய்விடும். அதாவது, பெயருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலைதான் அவர்களை ஒழுங்காக இருக்க வைக்கிறது. அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் ஏமாற்றுவதில் அவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பெஞ்சமின் கிளைன், கீத் லெஃப்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1981-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள்; பூவை முகர்ந்து பார்த்துவிட முடியும் என்பதால் தேவையில்லை. முகர்ந்து பார்க்க முடியாத சரக்குக்குத்தான் அந்தச் செலவு.

இந்த ஏற்பாடு நேற்றைக்கு வந்ததும் அல்ல. ரோமானியர் காலத்துச் சுடுமண் விளக்குகளில் ஃபோர்ட்டிஸ் என்ற முத்திரை பேரரசு முழுக்கக் கிடைக்கிறது. அவ்வளவு பேர் வாங்கியதால், அந்த முத்திரையைக் களவாடிப் போலி விளக்கும் ஏராளமாகச் செய்தார்கள். நவீன சட்டம் வந்தது வெகு காலம் கழித்துத்தான். பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று முதல் எண்ணில் பதிவான வணிகக் குறி, பாஸ் என்ற மதுவடிப்பு ஆலையின் சிவப்பு முக்கோணம்.

பிணைத்தொகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு தோல்விதான். 2016-இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தன. பேட்டரியில் கோளாறு. பெரிய பெயர், உயர்ந்த விலை, இருந்தும் தீப்பிடித்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். விற்ற போன்களில் சுமார் 25 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், மாற்றிக் கொடுத்ததிலும் தீப்பிடித்ததும் அந்த மாதிரியையே நிறுத்திவிட்டார்கள். இழப்பு நூற்றுக்கணக்கான கோடி டாலர். பெயர் பெற்றவர் தப்பே செய்ய மாட்டார் என்று நான் சொல்லவில்லை. தப்புச் செய்தால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு முகவரி இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு கம்பெனியின் சார்ஜர் தீப்பிடித்தால், அடுத்த மாதம் அதே பெட்டி வேறு பெயரில் கடைக்கு வரும், அவ்வளவுதான்.

சரி, ஒரே தொழிற்சாலை விவகாரம். இதைத்தான் பலர் பெரிய ரகசியம் மாதிரி சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மை. அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகள் தங்கள் கிர்க்லண்ட் பெயரில் விற்கும் பேட்டரியை டியூராசெல் செய்து தருகிறது என்று காஸ்ட்கோவின் அப்போதைய தலைமை அதிகாரியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2007-இல் கனடாவின் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் தயாரித்த நாய், பூனை உணவில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்துவிட்டது. 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பட்டியலைப் படித்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி: மிக விலை உயர்ந்த பெயர்களும், கடைகளின் மலிவுப் பெயர்களும் ஒரே பட்டியலில், ஒரே தயாரிப்பாளரிடமிருந்து.

ஆனால் ஒரே ஆலை என்றால் ஒரே பொருள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு பெயருக்கு ஓடும் அதே இயந்திரம், மதியத்துக்கு மேல் வேறு பெயருக்கு ஓடும். ஆட்களும் அவர்களே. மாறுவது மூன்று. ஒன்று, கலவை அல்லது மூலப்பொருள். வாங்குபவர் எழுதிக்கொடுத்த குறிப்பின்படி பிளாஸ்டிக்கின் ரகமோ, செம்புக் கம்பியின் தடிமனோ மாறும். அடுத்தது அளவுப் பிசகில் எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: எதை நிராகரிப்பது. எங்கள் தொழிலில் ஏ.க்யூ.எல். என்று ஒரு எண் சொல்வோம். வரும் சரக்கில் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை குறை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் குறிக்கும் எண் அது. பெரிய குறைகளுக்கு 2.5 என்பது பரவலாகப் புழங்கும் அளவு. கறாரான நிறுவனம் 1 அல்லது அதற்கும் கீழே கேட்கும், மலிவு வியாபாரி 4 என்றாலும் தலையாட்டிவிடுவார். அதே இயந்திரத்தில் வந்த சரக்குதான், ஆனால் சல்லடையின் கண் வேறு.

நிராகரித்த சரக்கு எங்கே போகும்? ஒருமுறை நாங்கள் ஒரு தொகுதி மின்கம்பி இணைப்பிகளைத் திருப்பி அனுப்பினோம். உலோகப் பூச்சு போதவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு வியாபாரி மிக நல்ல விலைக்குக் கொண்டுவந்த மாதிரிப் பெட்டியைத் திறந்தால், எங்கள் ஆள் பேனாவால் போட்டிருந்த சிறு அடையாளத்தோடு அதே இணைப்பிகள் சிரிக்கின்றன. அன்றிலிருந்து "அதே ஆலைச் சரக்கு, பாதி விலை" என்று யார் சொன்னாலும் பாதி விலைக்கு வருவதன் காரணத்தைத்தான் முதலில் கேட்பேன்.

நிஜமாகவே ஒரே பொருள் இரண்டு பெயரில் வந்த நிகழ்ச்சியும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984 முதல் 2009 வரை ஒரு கார் ஆலை நடத்தின. அங்கே டொயோட்டா கொரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசம் என்ற காரும் ஒரே வரிசையில் தயாராயின. உள்ளே கிட்டத்தட்ட ஒரே கார். கொரோலா அதிக விலைக்குப் போனது, அதிகமாகவும் விற்றது. பழைய கார் சந்தையிலும் கொரோலாவுக்கே மதிப்பு. இதில் யார் ஏமாந்தார் என்று யோசித்தால் சுவாரசியம். கொரோலா வாங்கியவர் கொடுத்த கூடுதலில் ஒரு பங்கு, விற்கும்போது திரும்பி வந்துவிட்டது. புதிய பிரிசம் வாங்கியவருக்கு முதலில் மிச்சம், பிறகு நட்டம். உண்மையிலேயே கெட்டிக்காரர் நான்கு வருடம் ஓடிய பிரிசத்தை வாங்கியவர்தான். கொரோலா என்ஜின், பெயரில்லாத விலை. மறுவிற்பனை இருக்கிற எந்தப் பொருளிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் விவகாரம் வேறு மாதிரி. அங்கே போட்டி போடுவதாக நாம் நினைக்கும் பெயர்கள் பலவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இத்தாலியின் லக்சோட்டிகா 1999-இல் ரேபானை வாங்கியது, 2007-இல் ஓக்லியை. பிராடா, ஷனெல் போன்ற ஆடை நிறுவனங்களின் பெயர் கொண்ட சட்டங்களையும் உரிமம் பெற்று அதுவே செய்கிறது. சன்கிளாஸ் ஹட், லென்ஸ்கிராஃப்டர்ஸ் போன்ற கடைகளும் அதன் கையில். 2018-இல் லென்ஸ் தயாரிப்பில் முதலிடத்தில் இருந்த எசிலோருடன் அது இணைந்தது. சட்டம், லென்ஸ், கடை மூன்றும் ஒரே குடைக்குள் வரும்போது விலையை இழுத்துப் பிடிக்க ஆள் குறைவு. அங்கே நீங்கள் கொடுக்கும் கூடுதலில் நம்பிக்கைக்கான கூலி கொஞ்சம்தான். ஆடை நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணமும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தையற்கூடத்தில் யாரும் உங்கள் சட்டத்தைத் தொட்டதுகூடக் கிடையாது.

உரிமம் என்றதும் இன்னொன்று. நீங்கள் நம்பும் பழைய பெயர் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) பெயரில் வரும் வீட்டுச் சாதனங்கள் 2016 முதல் சீனாவின் ஹயர் நிறுவனத்துடையவை. அதே 2016 முதல் நோக்கியா பெயரில் வந்த போன்கள் எச்எம்டி என்ற வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. கேமராவுக்குப் பெயர்போன போலராய்டின் பழைய நிறுவனம் 2001-இலேயே திவால். அதற்குப் பிறகு அந்தப் பெயர் டிவி உட்பட எதிலெதிலோ ஒட்டிக்கொண்டது. புதிய கைகள் மோசம் என்று பொருள் இல்லை, சில நன்றாகவே செய்கின்றன. ஆனால் ஒரு நிறுவனம் பெயரைச் சில வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தால், முன்னே சொன்ன பிணைத்தொகை அதனுடையது அல்ல. வாடகை வீட்டுக்கு யார் அஸ்திவாரம் பலப்படுத்துவார்? பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் "உரிமத்தின் கீழ் தயாரிப்பவர்" என்று ஒரு வரி இருக்கும். முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிட அந்த வரிதான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

அப்புறம் சுவை. உணவிலும் பானத்திலும் பெயர் நாக்குக்குள்ளேயே போய்விடுகிறது. கோகோ கோலா சுமார் 2 லட்சம் சுவைச் சோதனைகளில் புதிய கலவை ஜெயித்த தைரியத்தில், 1985 ஏப்ரலில் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. பெயர் மறைத்த கோப்பையில் ஜெயித்த பானம், பெயரோடு கடைக்கு வந்ததும் மக்கள் கொந்தளித்தார்கள். 79 நாளில் பழையது திரும்பி வந்தது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையை ஸ்கேன் செய்துகொண்டே ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது பிடித்திருக்கிறது என்றார்கள், இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ருசித்தது. இதை ஏமாளித்தனம் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டிலும் ஒரு காப்பித்தூளை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒருவரிடம் சொல்லி, எது எது என்று தெரியாமல் மூன்று கோப்பையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாக வரும், ஐந்தாறு முறை செய்யுங்கள்.

விலையே பொருளாக இருக்கும் சரக்கு என்று முதலில் சொன்னேன். கைப்பை, கைக்கடிகாரம் போன்றவை. 1969 டிசம்பரில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்கத் தொடங்கியதிலிருந்து, மணி பார்க்க விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லாமல் போய்விட்டது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், அதைவிடப் பல நூறு மடங்கு விலையுள்ள சாவிக் கடிகாரத்தைவிடச் சரியாக மணி காட்டும். வாங்குபவருக்கும் அது தெரியும். அவர் வாங்குவது மணியை அல்ல. 1899-லேயே தோர்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளாதார அறிஞர் இந்தக் கண்ணுக்குத் தெரிகிற செலவைப் பற்றி எழுதிவிட்டார். அவருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால், ஜோசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயக் குயவர் இதைத் தொழிலாகவே நடத்தினார். அரசி ஷார்லெட்டுக்குப் பாத்திரம் செய்துகொடுத்து, அந்த ரகத்துக்கே 'அரசியின் பாத்திரம்' என்று பெயர் சூட்டி, முதலில் பெரிய மனிதர்களுக்கு உயர்ந்த விலையில் விற்றார். அவர்கள் வீட்டு மேசையில் ஏறிய பிறகு நடுத்தர மக்கள் தாமாகவே தேடி வந்தார்கள்.

இந்தப் பொருட்களில் விலை குறைந்தால் பொருளே கெட்டுவிடும். அதனால்தான் பர்பெரி நிறுவனம் விற்காத சரக்கைத் தள்ளுபடியில் கொடுக்காமல் எரித்தது. ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கு. 2018-இல் அது செய்தியானதும் பெரிய கண்டனம் எழுந்தது, இனி எரிப்பதில்லை என்று அறிவித்தார்கள். இப்படிப்பட்ட பொருளில் தரம் நன்றாகவே இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். ஆனால் விலை தரத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தையல் அப்படியே நிற்க, விலை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பெயருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் இல்லை. உலகிலேயே பலமான வணிகப் பெயர்களில் ஒன்றாக இருந்த மார்ல்பரோ சிகரெட்டுக்கும் மலிவு சிகரெட்டுக்கும் இடைவெளி அதிகமாகிப் போனபோது, வாடிக்கையாளர்கள் சத்தமில்லாமல் நழுவினார்கள். 1993 ஏப்ரல் 2 அன்று பிலிப் மாரிஸ் நிறுவனம் பெட்டிக்கு 40 சென்ட் குறைத்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு மதிப்பில் சுமார் 1,300 கோடி டாலர் காணாமல் போனது.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். 2016-ஆம் ஆண்டு உலக வர்த்தகத்தில் 3.3 சதவீதம் போலிப் பொருட்கள் என்று ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு கணித்தது. பெயருக்கான விலையைக் கொடுத்து, பெயர் மட்டும் அச்சிட்ட சரக்கை வாங்குவது எல்லாவற்றிலும் மோசமான பேரம். அதனால் பெயர் பார்த்து வாங்க முடிவு செய்துவிட்டால், அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் அங்கீகரித்திருக்கும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். இணையச் சந்தையில் ஒரே பக்கத்தில் பத்து விற்பனையாளர் இருப்பார்கள், அதில் மூன்றாவது ஆள் பாதி விலை சொல்வார். அவரிடம் போவதாக இருந்தால், பெயரே இல்லாததை நேர்மையாக வாங்கிவிட்டுப் போகலாம்.

நான் எப்படி வாங்குகிறேன் என்று கேட்டால், இரண்டு கேள்விதான் கேட்டுக்கொள்வேன். உள்ளே இருப்பதை யாராவது ஏற்கெனவே சோதித்து எழுதிவைத்திருக்கிறார்களா? கெட்டுப்போனால் என்ன நட்டம்? காப்புரிமை முடிந்த மாத்திரை, உப்பு, சர்க்கரை, வீட்டில் வெளுக்கப் பயன்படுத்தும் திரவம் போன்றவற்றில் உள்ளே இருப்பது ஊரறிந்த வேதிப்பொருள். மலிவானதையே எடுக்கிறேன். டிவிக்குப் போடும் எச்டிஎம்ஐ போன்ற டிஜிட்டல் வீடியோ கம்பியும் அப்படித்தான். அதன் தரத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, சான்று பெற்ற கம்பியில் படம் குறையாமல் வரும். குழந்தைக்கான கார் இருக்கை, இருசக்கர வாகனத் தலைக்கவசம், பிரேக் பாகம், சார்ஜர் என்று உயிரோடு விளையாடுபவற்றில் பெயரும் பார்ப்பேன், சான்று முத்திரையும் பார்ப்பேன். இவற்றில் சோதிக்க வாய்ப்பு ஒரு தடவைதான், அதுவும் விபத்தின்போது.

பேட்டரி என்று கேட்டிருந்தீர்கள். ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடும் சாதாரண பேட்டரியில் பெரிய கடைகளின் சொந்தப் பெயரே போதும். வைத்து மறந்துவிடுகிற சாதனமாக இருந்தால் மட்டும் கசிவுக்குப் பயந்து கொஞ்சம் நல்லதாகப் பார்க்கலாம். போனுக்கும் மடிக்கணினிக்கும் போடும் லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கண்ணாடிச் சட்டத்தில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள், அந்தக் காசை லென்ஸில் போடுங்கள். உங்களுக்குப் பொருந்தி வந்த பழைய சட்டத்தின் கையை மடக்கி உட்புறம் பாருங்கள். மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். அவற்றைக் குறித்துக்கொண்டு போனால், பெயரில்லாத சட்டங்களிலும் உங்கள் முகத்துக்கு உட்காரக்கூடியதை ஐந்து நிமிடத்தில் பொறுக்கிவிடலாம்.